கவ்பாய் வெண்கலச் சிலைகளில் கடிவாளம், கயிறு போன்ற மெல்லிய பகுதிகள் எப்படிக் கச்சிதமாக வருகின்றன?

மெழுகு வார்ப்புதான் காரணம்: மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி ஓடு கட்டி, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் உலோகம் ஊற்றும் முறை அது. 1883-இல் கான்சாஸில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த அமெரிக்க ஓவியரும் சிற்பியுமான ஃப்ரெடெரிக் ரெமிங்டன், 1895-இல் தன் முதல் வெண்கலச் சிலையை மணலில் பதித்த அச்சில் உலோகம் ஊற்றும் மணல் வார்ப்பில்தான் செய்வித்தார். பிற்பாடு மெழுகு வார்ப்புக்கு மாறியதும் குதிரைவீரன் காற்சட்டைக்கு மேல் அணியும் ஆட்டுத்தோல் உறையில் மயிர்கூடத் தெரிந்தது. அந்த மாற்றம் எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

இப்போது களிமண் உருவிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதன் உட்புறம் சுமார் 5 மி.மீ. கனத்துக்கு மெழுகு பூசி, அந்த மெழுகு உருவை வெளியே எடுக்கிறார்கள். அதன்மேல் பீங்கான் கூழும் மணலும் எட்டு, பத்துப் பூச்சு; அது காய்ந்து கெட்டியான ஓடாகும். மெழுகைச் சட்டென்று உருக்கி வெளியேற்ற வேண்டும். மெதுவாகச் சூடேற்றினால் அது உருகுமுன் விரிந்து அந்தப் பீங்கான் ஓட்டையே பிளந்துவிடும். பிறகு சூடான ஓட்டில் ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸில் சிலிக்கான் வெண்கலம் (சிலிக்கான் கலந்த செப்புக் கலவை) ஊற்றுவார்கள். ஓடு ஆறியிருந்தால் கடிவாள நுனிக்குப் போகுமுன்பே உலோகம் உறைந்துவிடும். மாடு பிடிக்க வீசும் நீண்ட லாசோ சுருக்குக் கயிற்றை மட்டும் வார்க்காமல், முறுக்கிய கம்பியாகப் பற்றவைப்பதே நல்லது.