முதல் வாரம் சப்பென்று இருக்கட்டும்: ஜிம் மாஸ்டரிடம் சில கேள்விகள்

கோவையில் பதினான்கு வருடமாகத் தனிப்பயிற்சி கொடுத்து வருகிறேன். உடம்பைப் பழக்குவது என் வேலை. மருந்து, மாத்திரை டாக்டர் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டாமல் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐடி வேலை, 34 வயது: ஒரு வருடக் கட்டணம் கட்டினேன் மாஸ்டர். பதினொரு நாள் போனேன். உடம்பெல்லாம் வலி, அப்புறம் ஆபீசில் ஒரு ரிலீஸ் வந்தது, அதோடு சரி. மறுபடி எப்படித் தொடங்குவது?

பதினொரு நாளும் இடைவெளி விடாமல் போயிருப்பீர்கள். சிக்கலே அங்கேதான். புதிதாக வருகிறவரை நான் முதலில் எடை பார்க்கச் சொல்வதில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், வாரத்தில் யாரும் பிடுங்க முடியாத இரண்டு நாள் எது என்று கேட்பேன். அந்த இரண்டு நாள்தான் ஜிம். முதல் இரண்டு வாரம் அரை மணி நேரம் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து எடையைத் தூக்குவது என நான்கே அசைவுகள், ஒவ்வொன்றும் இரண்டு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து போடும் ஒரு சுற்றுதான் செட்). செட் முடியும்போது இன்னும் நாலைந்து போடலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். "இவ்வளவுதானா மாஸ்டர்?" என்று நீங்கள் கேட்டால், அளவு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன்.

இந்தப் புத்தி எனக்குப் பட்டுத்தான் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல வருடம் உடம்பை வளைக்காத ஒருவரை முதல் நாளே நூற்றைம்பது பஸ்கி போட வைத்தேன். அவரும் ரோஷக்காரர், போட்டுவிட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது: படி இறங்க முடியவில்லை, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. தசை சிதைந்து, அதில் இருப்பது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி மீண்டார். திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது சகஜம். சிறுநீர் கறுத்தாலோ, தசை வீங்கி விறைத்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றலாம். மூன்றாவது நாளைச் சேர்ப்பதைப் பற்றி இரண்டு மாதம் கழித்துப் பேசுவோம்.

பெயர் வேண்டாம் என்றவர்: தொப்பை குறைய ஒரு நாளைக்கு எத்தனை கிரஞ்சஸ்?

கிரஞ்சஸ், அதாவது மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி இறக்குவது, எத்தனை போட்டாலும் வயிற்றுத் தசையைத்தான் பலமாக்கும், மேலே இருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்பது நம் கையில் இல்லை. எடை மெஷினில் தினமும் ஏறி இறங்குவதற்குப் பதில் மாதம் ஒரு முறை இடுப்புச் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டவருக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு.

கவலைப்படும் மகள்: அம்மாவுக்கு 62 வயது. மூட்டு வலி. ஜிம் என்றாலே "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்கிறார். நடந்தால் போதுமா?

ஜிம் வேண்டாம், வீட்டு நாற்காலி போதும். அது நகராமல் சுவரோரம் போட்டு உட்காரவைத்து, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 30 விநாடியில் எத்தனை முறை என்று எண்ணுங்கள். அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயதுப் பெண்களுக்கு 12 முறைக்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று கணக்கு. பலம் குறைந்த தொடையின் வேலையையும் சேர்த்து மூட்டு சுமக்கிறது. நடை நல்லதுதான், ஆனால் தொடையைப் பலமாக்க அது மட்டும் போதாது.

எழ முடியவில்லை என்றால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரம் மூன்று நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை. பழகியதும் ஒரு தலையணையை எடுத்துவிடுங்கள். கடைசியில் இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழட்டும். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது. குக்கர் விசில் வரும்வரை எப்படியும் அடுப்படியில்தானே நிற்கிறார்!

செய்யும்போது லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம். மூட்டு வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் அம்மாவிடம் "உடற்பயிற்சி" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். கோயில் படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறுவது என்று சொல்லிப் பாருங்கள், அது வேலை செய்யும்.

இரண்டு குழந்தைகளின் தாய்: வீட்டு வேலையே ஒரு உடற்பயிற்சிதானே? வெயிட் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவேனோ என்றும் பயம்.

வீட்டு வேலையும் அசைவுதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நேற்றுத் தூக்கிய குடம்தான் நாளைக்கும். சுமை கூடாததால் உடம்பும் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. போதாததற்கு, ஒரே பக்க இடுப்பில் குழந்தை, ஒரே கையில் துடைப்பம். வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள். முக்கியமாக முதுகுக்கான இழுக்கும் பயிற்சி. இரண்டாவது பயத்துக்குப் பதில்: அப்படி ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் உயிரைக் கொடுக்கும் ஆண்களுக்கே ஆக மாட்டேன் என்கிறது!

சைவம், 60 கிலோ: முட்டைகூடத் தொட மாட்டேன். புரதத்துக்கு என்ன வழி? பவுடர் வாங்கட்டுமா?

சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் அளவு. உங்களுக்கு 50 கிராம். எடைப் பயிற்சி செய்கிறவருக்கு 70-லிருந்து 90 வரை வைத்துக்கொள்வேன்.

இதைச் சொன்னதும் எல்லாரும் "தினமும் சாம்பார் சாப்பிடுகிறேனே" என்பார்கள். நம் வீட்டு சாம்பாரில் பருப்பு எவ்வளவு? நாலு பேருக்கு ஒரு கைப்பிடி. மீதி புளியும் தண்ணீரும். சாம்பாரைக் கெட்டியாக்குங்கள், அல்லது தனியாகப் பருப்பு கடைந்து கிண்ணத்தில் சாப்பிடுங்கள். மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் புரதம். மீல்மேக்கர் காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் வந்துவிடும், ஏழைக்கேற்ற இறைச்சி அதுதான். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு பெரிய கிண்ணம் தயிர் 7, ஒரு டம்ளர் பால் 6. சோற்றிலும் இட்லியிலும் கொஞ்சம் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 60-ஐத் தாண்டிவிட்டீர்கள். மீல்மேக்கர் பிடிக்காதவர்களும் வேலையால் சமைக்க முடியாதவர்களும் பவுடரை யோசிக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, டாக்டர் சொல்வதுதான் அளவு.

கல்லூரி மாணவர், 19: அண்ணா, கூட ஒர்க்அவுட் பண்றவர் "ஊசி போட்டா மூணு மாசத்துல ஏறிடும்" என்கிறார். போடலாமா?

வேண்டாம் தம்பி. அவர் சொல்வது ஸ்டீராய்டு ஊசியாகத்தான் இருக்கும், ஆண் ஹார்மோன் வகை. தசை ஏறும் என்பது பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது உன் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஊசியை நிறுத்தினால் எல்லாம் பழையபடி திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பத்தொன்பது வயதில் உன் உடம்பே இலவசமாக ஊற்றிக்கொடுக்கிறது. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு எட்டு மணி நேரம் தூங்கு. ஊசி தருகிறேன் என்பவர் பயிற்சி செய்யும் நேரத்தில் நீ போகாதே.

ரேஸ்கோர்ஸ் நடையர்: தினமும் 10,000 அடி நடக்காவிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

வேண்டவே வேண்டாம். 1965-இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம் ஒரு நடைமானி விற்றது. பெயர் மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விற்பனைக்கு வைத்த அழகான எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு வேறு: மிதமான வேகத்தில் வாரம் 150 முதல் 300 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. மிதமான வேகம் என்றால், நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. காலை நடையில் ஊர்க்கதை மொத்தமும் மூச்சிரைக்காமல் பேசி முடிப்பவர்கள் கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம்.

சர்க்கரை மாத்திரை எடுப்பவர், 51: வெறும் வயிற்றில் நடக்கும்போது சில நாள் கை நடுங்கி வியர்க்கிறது.

சர்க்கரை இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் இது நடக்கும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அதுவரை வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறையும். தனியாகப் போகாதீர்கள், பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். நடுங்கினால் உட்கார்ந்து முதலில் அதைச் சாப்பிடுங்கள்.

ஸ்பின்னிங் மில், நைட் ஷிப்ட்: எப்போது பயிற்சி செய்வது?

ஷிப்ட் முடிந்த கையோடு வேண்டாம். முதலில் தூக்கம். எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குப் போவதற்கு முன் செய்யுங்கள். ஆறு மணி நேரம்கூடத் தூங்காத நாளில் எடையை விட்டுவிட்டு லேசாக நடந்தால் போதும்.

மறுபடி அதே ஐடி நண்பர்: சரி மாஸ்டர், இரண்டு நாள் கணக்கிலேயே தொடங்குகிறேன். ஆனால் நடுவில் ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் விட்டுவிட்டால்?

பதினைந்து நாளில் பெரிதாக ஒன்றும் கரையாது. திரும்பி வந்த முதல் நாள், கடைசியாகத் தூக்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கில் தொடங்குங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அந்த வாரம் நான்கு நாள் வந்து நிற்காதீர்கள். வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.