விளக்கின் கால் வழுக்குவதற்கு

வணக்கம். உங்கள் மீன் தொட்டியின் கண்ணாடி 6 மி.மீ., அதன் விளிம்பில் மாட்டும் விளக்குக் காலின் பிளவு 10 மி.மீ., அதனால்தான் திருகை எவ்வளவு இறுக்கினாலும் விளக்கு ஒரு பக்கம் சரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், திருகை இன்னும் இறுக்காதீர்கள். மொத்த அழுத்தமும் ஒரே புள்ளியில் விழும். கண்ணாடி விளிம்பு சில்லு தெறிக்கவோ விரிசல் விடவோ வாய்ப்பு உண்டு.

1.5 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கான் ரப்பர் ஷீட்டில் காலின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, விளிம்பின் மேல் இரண்டு பக்கமும் தொங்கும்படி மடித்துப் போடுங்கள். இப்போது மொத்தம் 9 மி.மீ. ஆகிவிடும். மீதி 1 மி.மீ. இடைவெளியைத் திருகு பார்த்துக்கொள்ளும். திருகு முனைக்கும் ரப்பருக்கும் நடுவே சின்ன பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்தால் அழுத்தம் பரவும், ரப்பரும் கிழியாது. விளிம்பைத் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள். ஈரம் இருந்தால் மறுபடியும் வழுக்கும்.

இரட்டைப் பக்க டேப் வேண்டாம். ஈரப்பதத்திலும் விளக்கின் சூட்டிலும் பசை இளகிவிடும்.

அப்புறம், இதுதான் எனக்குக் கவலை: விளக்கு தண்ணீரில் விழுந்தால் மீனுக்கு மட்டுமல்ல, தண்ணீருக்குள் கை விடுகிற உங்களுக்கும் ஆபத்து. வேலை முடியும்வரை பிளக்கைக் கழற்றியே வையுங்கள். வயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.