கிளீனர் சைடில் யார்?

அன்புள்ள அண்ணா,

உங்கள் லாரிக் கட்டுரைகளை இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். எனக்கு வயது 23, ராசிபுரம் பக்கம். டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் இருந்தேன், ஒத்துவரவில்லை. நாலு மாதத்துக்கு முன் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அதற்கு முன் மாமாவின் பிக்கப் வண்டியில் கோழித்தீவன லோடு ஓட்டிய பழக்கம் மட்டும் உண்டு.

இப்போது இரண்டு இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று எம்-சாண்ட் டிப்பர், பத்துச் சக்கரம், 2016 மாடல். லோக்கல்தான், சேலம் சுற்றுவட்டாரம். டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். விடியற்காலை மூன்று மணிக்குக் கல் உடைக்கும் கிரஷரில் இருக்க வேண்டுமாம். இன்னொன்று வெளிமாநிலம் போகும் பன்னிரண்டு சக்கர லைன் வண்டி. போகும்போது நாக்பூருக்கு ஜவ்வரிசி, வரும்போது சோயாப் புண்ணாக்கு. கிலோமீட்டர் கணக்கில் படி. தனியாகவா போக வேண்டும் என்று கேட்டதற்கு, "கூட ஆள் வேணும்னா அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி.

நண்பர்கள் லைன்தான் கெத்து என்கிறார்கள். அம்மா லைன் என்றாலே அழுகிறார். லோக்கல் என்றால் ராத்திரி வீட்டில் சாப்பிட்டுப் படுப்பாய் என்கிறார். நீங்கள் இரண்டும் ஓட்டியவர். எதற்குப் போகட்டும்? பெயரைப் போட வேண்டாம் அண்ணா.

—

அன்புள்ள தம்பி,

நாக்பூர் வண்டிக்காரர் சொன்ன அந்த 'அப்புறம்' எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

லாரியின் இடது பக்கத்துக்கு இன்றைக்கும் 'கிளீனர் சைடு' என்றுதான் பேர். கண்ணாடி உடைந்தால் கடையில் போய் "கிளீனர் சைடு கண்ணாடி" என்று கேட்கிறோம். அந்தச் சீட்டில் உட்காரத்தான் ஆள் இல்லை. நான் தொழிலுக்கு வந்தபோது இரண்டு மூன்று வருஷம் கிளீனராக அலையாமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. அடி உண்டு, பட்டினி உண்டு, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனாலும் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, வரும் சத்தத்தை வைத்துக் காற்று இறங்கியிருக்கிறதா என்று சொல்வதற்கும், மழை வருவதற்குள் தார்ப்பாய் இழுத்து முடிச்சுப் போடுவதற்கும், எந்தப் பங்க்கில் வண்டியை நிறுத்திப் படுத்தால் காலையில் டேங்கில் டீசல் இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்கும் அது ஒன்றுதான் வகுப்பாக இருந்தது. அந்த வகுப்பு மூடிவிட்டது. லைசென்ஸ் எடுத்த அன்றைக்கே முழு வண்டியைக் கையில் கொடுக்கிறார்கள்.

2018 வரை நேஷனல் பெர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒருவர் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் இருந்தது. நான் பார்த்த வண்டிகளில் அந்த இரண்டாவது டிரைவர் பெரும்பாலும் காகிதத்தில்தான் பயணம் செய்தார். அப்புறம் அந்த வருஷம் விதியையே எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் முதலாளியிடம் சட்டம் பேசிப் பிரயோஜனம் இல்லை. நீங்களாகக் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

சரி, டிப்பருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் லோக்கல் என்றால் சுலபம் என்று நினைத்து முதலில் இதில்தான் ஏறுகிறார்கள்.

டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசிய அந்த நிமிஷமே நீங்கள் எவ்வளவு வேகமாக ஓட்டுவீர்கள் என்பது முடிவாகிவிடுகிறது. கிரஷரில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றால் அது உங்கள் காசு. லோடு கொண்டுபோக வேண்டிய அனுமதிச் சீட்டான நடைச்சீட்டு தாமதமானால் உங்கள் காசு. சைட்டில் கொட்ட இடமில்லை என்று மேஸ்திரி நிறுத்தி வைத்தாலும் உங்கள் காசு. போன நேரத்தை எங்கே பிடிப்பீர்கள்? ரோட்டில்தான். அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் டூவீலரும் குறுக்கே வரும் ஊர் ரோட்டில். டிப்பர் டிரைவர்களைப் பார்த்து ஜனங்கள் "பேய் மாதிரி ஓட்டறான்" என்கிறார்கள். பேய் அவனுக்குள் இல்லை, சம்பளக் கணக்கில் இருக்கிறது.

ஊருக்குள் ஓட்டுவதுதான் பெரிய வண்டியில் கஷ்டமான வேலை, தம்பி. நாலு வழிச் சாலையில் நேராகப் போவதை ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். இடது பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றால் பத்துச் சக்கர வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. சந்தில் ரிவர்ஸ், மேலே கரண்ட் கம்பி, கீழே நேற்றுத்தான் மண் போட்டு மூடிய பள்ளம். தொட்டியைத் தூக்கிக் கொட்டும்போது ஒரு பக்கச் சக்கரம் புதைந்தால் வண்டி அப்படியே சாயும். கொட்டி முடித்து, தொட்டியை முழுக்க இறக்காமல் நகர்த்திக் கம்பியில் சிக்கியவர்கள் உண்டு. இதற்கெல்லாம் கீழே நின்று குரல் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கிளீனர் சைடு இங்கேயும் காலி.

இன்னொன்று, ஓவர்லோடு. பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன் வரை அனுமதி. 2018-இல்தான் 25-இலிருந்து உயர்த்தினார்கள். உங்கள் வண்டி 2016 மாடல், அதனால் ஆர்.சி. புத்தகத்தில் என்ன எடை போட்டிருக்கிறது என்று வாங்கிப் பாருங்கள். கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டால் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. அதை முதலாளி கட்டிவிடுவார், அவருக்கு அது செலவுக் கணக்கு. ஆனால் ஓவர்லோடுக்கு டிரைவரின் லைசென்சை மூன்று மாதம் முடக்கி வைக்கவும் வழி இருக்கிறது. நாலு மாதம் முன்பு எடுத்த லைசென்ஸ் அது. முதலாளியின் லாபத்துக்கு அதைப் பணயம் வைக்காதீர்கள்.

லைன் வண்டி இதற்கெல்லாம் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் நானே மாட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓட்டிய ஒரு வண்டியில் டிரிப்புக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று நிர்ணயம். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு. பெங்களூர்ப் பக்கமிருந்து லோடோடு வந்துகொண்டிருந்தேன். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன், நியூட்ரலில் விட்டேன். அது போதாதென்று இன்ஜினையும் அணைத்தேன். அரை லிட்டர் மிச்சமாகியிருக்குமோ என்னவோ. கியரில் இருந்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். நியூட்ரலில் மொத்த எடையும் பிரேக் டிரம்மில்தான் விழுகிறது. டிரம் காய்ந்து தீய்ந்த நாற்றம் வந்தது. இன்ஜின் ஓடாததால் காற்று ஏறவில்லை. நான் பிரேக்கை மிதிக்க மிதிக்க ஏர் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அன்றைக்குக் கிளீனர் சைடில் ஒரு பையன் இருந்தான். "அண்ணா, ஸ்டார்ட் பண்ணுண்ணா" என்று அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. இன்ஜினைக் கிளப்பி எப்படியோ இரண்டாவது கியரைத் திணித்து, மண் மேட்டில் உரசி நிறுத்தினேன். பம்பர் போனது, ஒரு ஹெட்லைட் போனது, அவ்வளவுதான். அதே இறக்கத்தில் அதே காரணத்துக்காக இன்றைக்கும் வண்டிகள் முன்னால் போகிறவர்கள் மேல் போய் விழுகின்றன. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். அவர் பக்கத்தில் இருந்தவரை நான் அப்படித்தான் இறங்கினேன். தனியாக வண்டி கிடைத்த மூன்றாவது மாதம் இது நடந்தது.

அதனால் லைன் முதலாளியிடம் டீசல் கணக்கை முதலில் கேளுங்கள். அடுத்து ஹால்டிங், அதாவது லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நாள். நாக்பூரில் ஜவ்வரிசியை இறக்கிவிட்டுப் புண்ணாக்கு லோடுக்கு மூன்று நாள் காத்திருக்க நேரும். கிலோமீட்டருக்குத்தான் படி என்றால் அந்த மூன்று நாளும் உங்கள் சோற்றுக்கு நீங்களே செலவு செய்கிறீர்கள். ஹால்டிங் படி தருகிறாரா, மூட்டை குறைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார், டயர் வெடித்தால் வழிச்செலவு எப்படி வரும், எல்லாவற்றையும் வண்டி ஏறுமுன் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

அவசரம் பற்றியும் ஒன்று. "ஈ-வே பில் முடிந்துவிடும், சீக்கிரம் போ" என்று போனில் விரட்டுவார்கள். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு அது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதில் கணக்கு. உங்கள் ஊரிலிருந்து நாக்பூர் 1,250 கிலோமீட்டருக்கு மேல். பில்லுக்கு ஏழு நாள் இருக்கிறது. ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓட்டி, ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கட்டாயம் தூங்கினாலும் நாலாம் நாள் போய்ச் சேரலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணியாவது ஓய்வு கொடு என்று 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதினார்கள். அது ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் இருந்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்து அந்தச் சட்டமே போய்விட்டது. இருந்த காலத்திலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் அதற்குள் வரவே இல்லை. நம் ஊரில் அப்படிப்பட்ட முதலாளிகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் தீர்ப்பைச் சொல்லாமல் போனால் திட்டுவீர்கள். டிப்பர் வேண்டாம். மாதச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டால்கூட முதல் வருஷம் வேண்டாம். நாக்பூர் வண்டியில், பத்து வருஷமாவது லைன் ஓட்டியவர் ஒருவரோடு இரண்டாவது டிரைவராகப் போவதானால் தாராளமாகப் போங்கள், படி பாதி கிடைத்தாலும் போங்கள். பகலில் நீங்கள் ஓட்ட அவர் பார்த்துக்கொண்டு வரட்டும். தெலங்கானா தாண்டினால் ஹிந்தி வேண்டும், அதுவும் அவரிடமே பழகிவிடும். ஐந்தாறு டிரிப்பில் உங்களுக்கே தெரிந்துவிடும், இது ஒத்துவருமா வராதா என்று. தனியாக அனுப்புவதானால் அதுவும் வேண்டாம்.

இரண்டும் இல்லையென்றால் பார்சல் சர்வீஸ் வண்டி இருக்கிறதா என்று சேலத்தில் விசாரியுங்கள். சேலம்–சென்னை, சேலம்–கோயம்புத்தூர் போல ஒரே தடம், ஆறு சக்கரம், கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் தெரியும், பெரும்பாலும் மாதச் சம்பளம். ராத்திரி வேலைதான். கெத்து கிடையாது, உங்கள் நண்பர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரே ரோட்டில் நூறு தடவை போனால் வண்டியைக் கவனிக்க மூளைக்கு இடம் கிடைக்கிறது. எந்த வளைவு, எந்த மேடு என்று யோசிக்க வேண்டியதில்லை. பிற்பாடு நாமக்கல் கேஸ் டேங்கருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை முடித்து லைசென்சில் பதிந்துகொள்ளுங்கள். அது இப்போதே அவசரமில்லை. இரண்டு மூன்று வருஷ அனுபவம் இல்லாமல் பாரம் ஏற்றிய டேங்கரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏ.சி. பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம், நாங்களெல்லாம் இன்ஜின் சூட்டில் வெந்தவர்கள். ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். அதனால் மே மாதம் ஆதிலாபாத் பக்கம் ராத்திரி தூங்க இன்றைக்கும் ஒரு சின்ன பேட்டரி ஃபேனும் கொசுவலையும்தான் வேண்டும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மா. லோக்கல் என்றால் மகன் ராத்திரி வீட்டில் இருப்பான் என்று நினைத்துத்தான் அவர் டிப்பரைச் சொல்கிறார். மூன்று மணிக்குக் கிரஷரில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு மணிக்கு எழுந்து, தூக்கக் கண்ணோடு இருட்டில் பைக்கில் போக வேண்டும், சாயங்காலம் திரும்பி வந்து ஏழு மணிக்கே படுத்தால்தான் மறுநாள் கண் திறக்கும். அந்த மூன்று மணியை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னீர்களா?