சாட்ஸ்வொர்த் புல்வெளியின் உழவுச் சால்கள்

வணக்கம்.

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டில் ஒரு நாள் முழுக்க நடந்தேன். ஆறு, மான்கள், பெரிய ஓக் மரங்கள் என்று மனம் நிறைந்துவிட்டது. அதெல்லாம் ஒரு பிரபு குடும்பம் ஆள்வைத்துத் திருத்திய காட்சி என்றும், பார்வைக்கு இடைஞ்சல் என்று ஓர் ஊரையே அகற்றினார்கள் என்றும் பிறகுதான் படித்தேன். ஏமாந்துவிட்டதுபோல் இருக்கிறது. இதை இயற்கை என்று ரசிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது உண்மைதான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், சாட்ஸ்வொர்த்தின் சொந்தக்காரரான டெவன்ஷயர் டியூக் என்ற பிரபுவுக்காக அந்தப் பூங்காவை வடிவமைத்தவர் கேப்பபிலிட்டி பிரவுன். டெர்வென்ட் ஆற்றின் போக்கைக்கூடத் திருத்தினார்கள். 1830-களின் இறுதியில் ஆறாம் டியூக்கும் அவருடைய தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனும் எடன்சர் கிராமத்தை மாளிகையின் கண்ணில் படாத இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். பழைய வீடு ஒன்று மட்டும், சுற்றிலும் மதிலோடு, இன்றும் பூங்காவுக்குள் தனித்து நிற்கிறது.

ஆனால் அந்தப் புல்தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வரிசை வரிசையாக மேடும் பள்ளமும் தெரியும். இடைக்கால உழவர்களின் சால்கள் அவை. ஒவ்வொரு துண்டு நிலத்திலும் மண்ணை நடுவை நோக்கியே புரட்டி வந்ததால் நடுப்பகுதி மேடாகிவிட்டது. பல ஜோடி மாடு பூட்டிய நீண்ட ஏரைத் திருப்ப இடம் வேண்டும். அதனால் பல சால்கள் கடைசியில் லேசாக வளையும். மற்ற பல இடங்களில் டிராக்டர் உழவு இப்படிப்பட்ட சால்களைச் சமமாக்கிவிட்டது. இங்கே மேய்ச்சல் புல்லாகவே விட்டுவைத்ததால் தப்பின. ஊரைத் தள்ளிவைத்த அதே பூங்காதான் உழவர்களின் கைவேலையையும் காப்பாற்றியிருக்கிறது. எனக்கு அங்கே மாளிகையைவிடப் பெரிய சின்னம் இதுதான். மாலை வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும்.

ஓக் மரங்களும் அப்படித்தான். பழைய மான் வேட்டைப் பூங்காவில் நிற்பவற்றில் பல, பிரவுனுக்கு வெகுகாலம் முந்தியவை. வேட்டைக்காக ஒதுக்கிய இடம் என்பதால் கோடரிக்குத் தப்பி முதுமை அடைந்தன. உள்ளே வயிரம் இற்றுப் பொந்தாகிவிட்ட அடிமரத்தில்தான் சில பூஞ்சைகளும் வண்டுகளும் வாழ முடியும். இளமரம் அவற்றுக்கு உதவாது. நிலத்தைத் திருத்தியவர் யாராக இருந்தாலும் அந்த வண்டின் வாழ்க்கை நிஜம். தாராளமாக ரசியுங்கள். ஊரை அகற்றியதற்காகக் கோபப்படவும் செய்யுங்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிடத் தேவையில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அங்கே யார் நடக்கலாம் என்பது. அதே டெர்பிஷயரில், 1932 ஏப்ரலில், டெவன்ஷயர் டியூக்கின் வேட்டைநிலமாக இருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடக்கும் உரிமை கேட்டு, தடையை மீறி நூற்றுக்கணக்கானோர் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். 2002-இல் பதினோராம் டியூக், நடப்பவர்களைத் தடுத்த அன்றைய டியூக்கான தன் பாட்டனாரின் செயலுக்குப் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் மலை, மேட்டுப் புதர்நிலம், பொதுநிலம் போன்றவற்றில் மட்டுமே தடையின்றி நடக்க உரிமை தந்தது. மற்ற இடங்களில் பொதுப் பாதையை விட்டு விலகி நடப்பது பெரும்பாலும் உரிமையாளரின் மனதைப் பொறுத்தது. ஸ்காட்லாந்திலோ 2003 சட்டம், வீட்டுச் சுற்றுப்புறம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, பெரும்பாலான நிலத்தைப் பொறுப்போடு நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. இங்கிலாந்தும் அதைச் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி.