ரஷ்ய மொழி போதாதா?

வணக்கம். நான் வார்சாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் உக்ரைனியப் பெண் கிறிஸ்துமஸுக்கு லிவிவில் உள்ள தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். கைப்பேசிச் செயலியில் கொஞ்சம் ரஷ்ய மொழி கற்று வைத்திருக்கிறேன். 'அதுவே போதும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே' என்கிறார்கள் நண்பர்கள். நான் சைவம், அந்தத் தயக்கமும் இருக்கிறது. அங்கே என்ன பேசலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதுவீர்களா?

ஒரு வாசகர், வார்சா

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. புரியாமல் போய்விடும் என்பதால் இல்லை. லிவிவில் பெரியவர்கள் பலருக்கும் ரஷ்ய மொழி நன்றாகவே புரியும். புரிவதுதான் சிக்கல். 2022 பிப்ரவரி 24 முதல் தங்கள் ஊர்கள்மேல் ஏவுகணை வீசும் நாட்டின் மொழியில், வீட்டுக்கு வந்த விருந்தாளி 'ஸ்பசீபா' என்று நன்றி சொன்னால், தெரியாமல் சொன்னாலும் குத்தும்.

இந்தக் காயம் போரைவிடப் பழையது. உக்ரைனிய மொழி என்று தனியாக ஒன்று இருந்ததுமில்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை 1863-இல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் தன் சுற்றறிக்கையிலேயே எழுதினார். 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் எம்ஸ் ஆணை, அந்த மொழியில் புத்தகம் அச்சிடுவதற்கும் நாடகம் போடுவதற்கும் தடை விதித்தது. நீங்கள் போகிற லிவிவ் அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்ததால், ரஷ்ய எல்லைக்குள் அச்சிட முடியாத உக்ரைனிய எழுத்து அங்கேதான் அச்சேறியது. சோவியத் ஆட்சி 1933-இல் அகரவரிசையிலிருந்து ஓர் எழுத்தையே நீக்கியது. அது 1990-இல்தான் திரும்பி வந்தது. உங்கள் நண்பர்கள் சாதாரணமாகச் சொல்லும் 'இரண்டும் ஒன்றுதானே' என்ற பேச்சை அரசாணையாகக் கேட்டு வளர்ந்த சமூகம் அது. அதனால்தான் உக்ரைனிய மொழியில் நான்கு சொல் தெரிந்துகொண்டு போங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கடையோ வீடோ, உள்ளே போனதும் 'தோப்ரிய் தென்'. பகல் வணக்கம் அது. மாலையில் 'தோப்ரிய் வேச்சிர்'. நன்றிக்கு 'த்யாகுயு'. 'தயவு' என்று சொல்லும்போது வரும் மெல்லிய 'த' ஒலியைப் போடுங்கள். வார்சாவில் தினமும் போலிஷ் மொழியில் நன்றிக்கு 'ஜென்குயெ' சொல்கிற உங்களுக்கு இது சுலபமாக வரும். வேண்டிக்கொள்ள 'புத் லாஸ்கா', 'பலம்' என்பதில் வருகிற 'ப'வோடு. யாராவது நன்றி சொன்னால் பதிலுக்கும் இதையே சொல்லலாம். கூட்டத்தில் வழி கேட்க, இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க 'பெரெப்ரோஷுயு'. புரியவில்லை என்றால் 'யா நே ரோஸுமீயு'. விடைபெற 'தோ பொபாச்சென்யா'. உச்சரிப்பு தப்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். முயற்சி செய்கிறார் என்று தெரிந்தாலே பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

'தி' என்றால் நீ, 'வி' என்றால் நீங்கள். தோழியின் பெற்றோரிடம் கடைசிவரை 'வி'தான், நம் வழக்கமேதான். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஈறு மாறும். ஒலேனா என்பவரை 'ஒலேனோ' என்றும், மரியாதையாக 'பானி ஒலேனோ' என்றும் அழைப்பார்கள். நம் விளி வேற்றுமை போலத்தான். ரஷ்ய மொழி இதை ஏறக்குறைய இழந்துவிட்டது. தோழியின் அம்மாவை இப்படி அழைத்துப் பாருங்கள், மகிழ்ந்துபோவார்.

இனி சாப்பாடு. நீங்கள் சரியான நாளில்தான் போகிறீர்கள். டிசம்பர் 24 இரவு ஸ்வியாத் வேச்சிர், புனித மாலை. 2023-இல்தான் ஜனவரி 7 கிறிஸ்துமஸ் அரசு விடுமுறையை நீக்கி, டிசம்பர் 25-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்றைய மேசையில் பன்னிரண்டு பண்டங்கள் இருக்கும். இறைச்சி கிடையாது, மரபை முழுதாகக் கடைப்பிடிக்கும் வீடுகளில் பாலும் முட்டையும்கூடக் கிடையாது. மீன் மட்டும் இருக்கும். அதனால் 'யா நே யீம் நி ம்யாஸா, நி ரிபி' (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்) என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உட்காருவார்கள். முதலில் வருவது கூத்யா. வேகவைத்த முழுக் கோதுமை, அரைத்த கசகசா, தேன், வால்நட். கோதுமை பல்லில் கடிபட வேண்டும், கசகசாப் பால் அதன்மேல் படிந்திருக்க வேண்டும். பிறகு காளான் வைத்த சின்னச் சின்னக் கொழுக்கட்டைகள் மிதக்கும் பீட்ரூட் சூப்பான போர்ஷ், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையான வரேனிகி, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய ஹொலுப்சி, உலர்பழங்களைக் கொதிக்கவைத்த உஸ்வார். போர்ஷை உக்ரைனியரிடம் ரஷ்ய சூப் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உக்ரைனின் போர்ஷ் சமையல் மரபை 2022 ஜூலையில் யுனெஸ்கோ அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

சில வீடுகளில் இறந்தவர்களுக்காக ஒரு தட்டு காலியாக இருக்கும். அந்த இடத்தில் உட்காராதீர்கள். இன்று அந்தத் தட்டு ஒரு மகனுக்கோ அண்ணனுக்கோ உரியதாக இருக்கலாம். 'ஹ்ரிஸ்தோஸ் நரோதிவ்ஸ்யா' (கிறிஸ்து பிறந்தார்) என்று வாழ்த்தினால் பதில் 'ஸ்லவீமோ யோஹோ' (அவரைப் போற்றுவோம்). கோப்பையைத் தூக்கி 'புத்மோ' என்றால் நீங்கள் பழச்சாறோடு சேர்ந்துகொள்ளலாம், யாரும் வற்புறுத்தினால் சிரித்து மறுத்துவிடுங்கள். இறந்தவர்களுக்காக எழுந்து நின்று குடிக்கும்போது மட்டும் கோப்பையை மோதக்கூடாது.

பூ வாங்கினால் ஒற்றைப்படையில். இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. வாசற்படிக்கு அப்பால் நின்று கை நீட்டாதீர்கள், உள்ளே போய்க் குலுக்குங்கள். செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம், அங்கே வீட்டுக்குள் போட வேறு செருப்பு தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு நாடு முழுவதும் ஒரு நிமிட மௌனம் உண்டு. எல்லோரும் நின்றால் நீங்களும் நில்லுங்கள். தெருவில் இராணுவ வீரரின் இறுதி ஊர்வலம் வந்தால் சிலர் மண்டியிடுவார்கள். அப்போது கைப்பேசியைப் பையில் போடுங்கள். சோதனைச் சாவடி, சிப்பாய்கள், தாக்கப்பட்ட இடம் எதையும் படமெடுக்க வேண்டாம். 'ஸ்லாவா உக்ரயீனி' (உக்ரைனுக்குப் புகழ்) என்று யாராவது சொன்னால் 'ஹெரோயம் ஸ்லாவா' (வீரர்களுக்குப் புகழ்) என்று பதில் சொல்லலாம். இளைஞர்களைப் பார்த்து 'நீங்கள் ஏன் போர்முனையில் இல்லை' என்று கேட்கவே கேட்காதீர்கள். அந்த வீட்டில் யாராவது ரஷ்ய மொழியில் பேசினாலும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். கிழக்கிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு அதுதான் வீட்டுமொழி.

இன்னொரு சொல்லும் கட்டாயம் தேவை: 'உக்ரித்யா', பதுங்குமிடம். சைரன் ஒலித்தால் 'தே உக்ரித்யா?' என்று கேளுங்கள், எங்கே என்று காட்டுவார்கள். வீட்டார் கிளம்பினால் கூடவே கிளம்புங்கள்.

2022-லிருந்து அங்கே விமானம் கிடையாது. எல்லையோரப் போலந்து ஊரான ப்ஷெமிஷ்ல் வரை போலந்து ரயில். உக்ரைனியத் தண்டவாளம் 1520 மில்லிமீட்டர், போலந்தில் 1435. அதனால் அங்கே எல்லைச் சோதனை முடித்து வேறு ரயிலில் ஏறவேண்டும். பண்டிகைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.