குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்கு மிஷன் பயணம் போகலாமா, என்னவெல்லாம் எடுத்துப் போகலாம்?

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போட்ஸ்வானா, சாம்பியா வழியாக மூன்று வாரம் சேவைப் பயணம் போக நினைப்பதாகவும், அங்குள்ள ஏழைக் குழந்தைகளுக்குத் துணி, காலணி, பொம்மை எடுத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சபை மூலமாகத்தான் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். யாராவது ஒரு வீடியோ காட்டியிருப்பார்கள், பார்த்ததும் மனசு உருகியிருக்கும். அதில் தப்பே இல்லை. எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

நான் 14 வருடமாக போட்ஸ்வானா தலைநகர் கபரோனில் இருக்கிறேன், கணக்காளர் வேலை. 2019 ஆகஸ்டில் எங்கள் ஜெபக் கூட்டத்தைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள், இரண்டு வண்டியில், சாம்பியாவின் தென் மாகாணத்துக்கு எட்டு நாள் போய் வந்தோம். அப்போது பெரியவளுக்கு 17 வயது, சின்னவனுக்கு 11. ஊரில் இருந்து மூன்று மாதம் தங்க வந்திருந்த என் மாமனாரும் கூட வந்தார். 74 வயது, வழியெல்லாம் குலுங்குமே, வீட்டில் இருங்கள் மாமா என்றேன். "இங்க தனியா டிவி பாக்கவா மாப்ள வந்தேன்?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். அவர் வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஐந்து பெட்டி நிறையச் சாமான் கட்டினோம். பாதி பழைய துணி, மீதி கடையில் வாங்கிய புதுசு. புதுசுக்கு மட்டும் 4,000 பூலா, நம் பணத்தில் 26,000 ரூபாய்க்குப் பக்கம். 34 ஜோடி ஷூ. கபரோனில் இருந்து கசுங்குலா எல்லை வரைக்கும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர். நடுவில் கால்நடை நோய்த் தடுப்புச் சாவடிகள் உண்டு. கோமாரி பரவாமல் இருக்க, வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். நாமும் இறங்கி ஈரச் சாக்கை மிதித்துவிட்டு நடக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் ஷூவையும் நனைக்கச் சொன்னார்கள். என் மகள் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, 34 ஜோடியையும் ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பாகத்தை மருந்தில் தோய்த்துத் தோய்த்து வைத்தாள். அந்த வாடை ஊர் போய்ச் சேரும் வரை வண்டியை விட்டுப் போகவில்லை.

அப்போது கசுங்குலாவில் பாலம் கிடையாது. சாம்பேசி ஆற்றை மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும். பாதி எழும்பிய பாலத் தூண்களைப் பார்த்துக்கொண்டே கடந்தோம். 923 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2021 மே மாதம் திறந்துவிட்டார்கள், அதனால் உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. லிவிங்ஸ்டனில் விக்டோரியா அருவியும் பார்த்தோம், அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நாங்கள் போனது சோமா என்ற டவுனில் இருந்து மண்சாலையில் 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கும், டோங்கா இனத்தார் வாழும் ஒரு கிராமம். அந்த வருடம் கடும் வறட்சி. சோளக் கொல்லைகளில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த தட்டைகள்தான் நின்றன. மின்சாரம் எடுக்கும் கரீபா அணையில் தண்ணீர் இறங்கிப்போய் டவுனிலும் பல மணி நேரம் மின்வெட்டு. அப்படிப்பட்ட நேரத்தில், உள்ளங்கையைக் குவித்து மெல்லத் தட்டி, முழங்காலை மடக்கி எங்களை வரவேற்றார்கள். மறுநாள் மரத்தடி ஆராதனை. வாத்தியம் ஒன்றும் இல்லை. நான்கு குரலாகப் பிரிந்து பாடினார்கள் பாருங்கள், நாங்கள் கொண்டுபோன கீபோர்டை உறையில் இருந்து எடுக்கவே இல்லை. சாம்பியா தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று 1991லேயே அறிவித்துக்கொண்ட தேசம். அந்தக் கிராமத்தில் மூன்று தலைமுறையாக வேதம் வாசிக்கிறார்கள். அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லத்தான் நாங்கள் படம் போட்ட அட்டைகளை அச்சடித்துக்கொண்டு போயிருந்தோம்.

அன்று மத்தியானம் பெட்டிகளைத் திறந்தோம். இதை எழுத இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. வரிசையில் நிற்கச் சொன்னோம். முதல் இருபது பேர் வரைக்கும் வரிசை இருந்தது. அப்புறம் பின்னால் நின்றவர்கள் முண்ட, சின்னப் பிள்ளைகள் நசுங்கி அழ, ஷூ ஒன்று ஒருவன் கையிலும் ஜோடி இன்னொருவன் கையிலுமாகப் போயிற்று. அதுவரை எங்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்த ஊர்த்தலைவர் எழுந்து தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தன் ஊர்ப் பிள்ளைகள் விருந்தாளி முன்னால் இப்படி அடித்துக்கொள்வதை எந்தப் பெரியவர்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்? அதற்கு ஏற்பாடு செய்தது நாங்கள்.

இன்னொன்று, சாம்பியாவில் பழைய துணி எந்தச் சந்தையிலும் கிடைக்கும். சலாவுலா என்பார்கள். குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று பெம்பா மொழியில் அர்த்தம். வெளிநாட்டில் இருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. உள்ளூர் ஜவுளி ஆலைகள் நொடித்ததில் அதற்கும் பங்கு உண்டு. நாங்கள் 900 கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோனதை அவர்கள் சோமா சந்தையில் நாலு காசுக்கு வாங்கிக்கொள்வார்கள்.

மறுநாள் விடியற்காலையில் என் மனைவி தண்ணீர் எடுக்கப் பெண்களோடு போனாள். போன கையோடு திரும்பி வந்து, "ஏங்க, அப்பாவ எழுப்புங்க. நம்ம ஊரு அடிபம்பு மாதிரியே ஒண்ணு நிக்குது, தண்ணி வரல" என்றாள்.

மாமா ஊரில் அடிபம்பு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்பைச் சுற்றி வந்தார், கைப்பிடியை நாலு தடவை அடித்தார், காதை வைத்துக் கேட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். "இது இந்தியா மார்க் டூ மாப்ள. இதுலதான் நான் முப்பது வருஷம் வேல பாத்தேன்." உண்மைதான். யூனிசெஃப் ஒத்தாசையோடு 1970களில் நம் நாட்டில் உருவான பம்பு அது. கோயம்புத்தூர்ப் பக்கம் நட்டுச் சோதித்தார்கள், சென்னையில் தயாரித்தார்கள். சாம்பியாவில் கிராமத்துக்குக் கிராமம் நிற்பது பெரும்பாலும் அதுதான். 150 தடவைக்கு மேல் அடித்தால் ஒரு குடம் நிறைந்தது, அதுவும் துருநிறத்தில். மற்றபடி ஆற்றுப்படுகையில் ஊற்றுத் தோண்டி இறைக்க மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அந்த ஊரில் பம்பு மெக்கானிக் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார், ஏரியா பம்ப் மெண்டர் என்று பெயர். நாற்பது வயதுக்காரர், வேலை தெரிந்தவர். என்ன கோளாறு என்பதும் அவருக்குத் தெரியும்: உள்ளே சிலிண்டரில் தோல் வாஷர் தேய்ந்துவிட்டது, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் (ஜி.ஐ.) மரைப்பக்கம் அரித்து ஓட்டையாகி, ஏறுகிற தண்ணீர் மறுபடி கீழேயே இறங்குகிறது. அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் இரும்பை அரிக்கும். தேவைப்பட்டது நாலு குழாயும் வாஷரும். பம்புக் கமிட்டி வைத்திருந்த தகரப் பெட்டியில் சாம்பியப் பணம் 600 குவாச்சா சேர்ந்திருந்தது. வறட்சியில் அதற்கு மேல் சேரவில்லை.

சோமாவுக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய் வாங்கி வந்தோம். மொத்தம் 1,400 குவாச்சா, அப்போதைய கணக்கில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஷூவுக்கும் துணிக்கும் கொட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நாங்களே முழுக்கக் கொடுக்கிறோம் என்றேன். ஊர்த்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, கசங்கிய நோட்டுகளை என் முன்னால் எண்ணி 600 குவாச்சாவை வைத்தார். முந்தின நாள் முதுகைக் காட்டி நின்றவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

மார்க் டூவில் வாஷர் மாற்ற வேண்டுமென்றால் மேலிருந்து அடி வரை குழாய் மொத்தத்தையும் உருவியாக வேண்டும். மூன்று மீட்டர்க் குழாய்கள், ஒன்றோடொன்று மரை போட்டு இருபத்தைந்து மீட்டர் ஆழத்துக்குத் தொங்குகின்றன. எட்டுப் பேர் சேர்ந்து தூக்க, ஆழ்துளையின் வாயில் கிளாம்ப் போட்டுப் பிடிக்க, ஒன்றைக் கழற்ற, மறுபடி தூக்க. பிடி நழுவினால் மொத்தமும் ஆழ்துளைக்குள் போய்விடும். மாமாவுக்கு டோங்கா மொழி தெரியாது, மெக்கானிக்குக்குத் தமிழ் தெரியாது. "புடி, புடி, விடாத" என்று இவர் கத்த, ஏதோ அவர் கத்த, குழாய் நேராக ஏறியது. என் மகனும் இரண்டு கையும் துருவாகக் கிளாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய வாஷரை மாமா உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், விளிம்பெல்லாம் பிய்ந்து ஊறிப்போன வெற்றிலை மாதிரி இருந்தது. புதிய வாஷரைத் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் மாட்ட வேண்டும் என்று அவர் சைகை காட்டுவதற்குள், அந்த மெக்கானிக் ஊறப்போட்ட டப்பாவை நீட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் நாற்பது அடி அடித்ததும் செம்மண் நிறத்தில் கொட்டியது, அப்புறம் தெளிந்தது. "ட்வலும்பா, ட்வலும்பா" என்று நன்றி சொல்லி மாமாவை நடுவில் விட்டு ஆடினார்கள். மடாலா, அதாவது பெரியவர், என்று அவருக்குப் பெயராகிவிட்டது.

கிளம்புகிற அன்று ஒரு பாட்டி கால் கட்டிய கோழி ஒன்றைக் கொண்டுவந்து என் மனைவி மடியில் வைத்தார். சோளம் விளையாத வருடத்தில் கோழி. வேண்டாம் என்று சொல்வது அவமரியாதை. எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள். சோமாவில் நாங்கள் தங்கிய விடுதியின் காவலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஊழியத்தைக் கேவலப்படுத்துகிறான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரன். வெள்ளைக்கார மிஷனரி வைத்த பள்ளிக்கூடத்தில் என் தாத்தா படிக்காவிட்டால் நான் பனையேறிக்கொண்டிருப்பேன். அதே சோமா பக்கத்தில் மாச்சா என்று ஓர் ஊர். பிரான்சிஸ் டேவிட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1906இல் அங்கே போய்ப் பல வருடம் தங்கி, பள்ளிக்கூடம் நடத்தினார். இன்றைக்கு அந்த ஊர் மருத்துவமனையில் மலேரியா ஆராய்ச்சி நடக்கிறது. அவர்கள் தங்கினார்கள், மொழி படித்தார்கள். எட்டு நாளுக்குப் போன நாங்களும் அவர்களும் ஒன்றில்லை. எங்கள் வட்டாரத்தில் வெள்ளாளன்விளையில் பிறந்த, பின்னாளில் பேராயரான அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் எழுந்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். பொருள் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நட்பைக் கொடுங்கள் என்று. சின்ன வயதில் இருந்து சபையில் இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஊர்த்தலைவர் முதுகைப் பார்த்த அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

திரும்பி வந்ததும் பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள், காணிக்கை சேர்க்க மெலிந்த பிள்ளையின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். என் மனைவி ஆடுகிற கூட்டத்தின் படத்தைக் கொடுத்தாள். அது போடப்படவே இல்லை. ஊரில் இருப்பவர்கள் மனசில் ஆப்பிரிக்கா என்றால் அந்த ஒரே படம்தான். இப்போது பெரியவளுக்கு வரன் பார்க்கிறோம். நல்ல படிப்பு, நல்ல வேலை, வேதம் தெரிந்த பிள்ளை. "ஆப்பிரிக்காவுல வளந்த புள்ளையா?" என்று இழுத்துவிட்டுப் போனை வைத்தவர்கள் இதுவரை மூன்று வீட்டார். லண்டன், சிங்கப்பூர் என்றால் இதே வாய் என்ன சொல்லும்? எங்கள் அடுக்ககத்தில் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருவது ஸ்வானா இனத்து அம்மா ஒருவர்தான், இந்த ஊர்க்காரர். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பெட்டி கட்டுமுன் அந்த ஊர் ஆள் ஒருவரோடு போனில் பேசி, எது உடைந்து கிடக்கிறது, யார் பழுது பார்ப்பார், என்ன குறைகிறது என்று கேளுங்கள். சாமானை அங்கேயே உள்ள கடையில் வாங்குங்கள். உங்களில் யாருக்காவது கைத்தொழில் தெரிந்தால் அவரை முன்னால் விடுங்கள், வயதானவர் என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் முழு விவரமுள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், எல்லையில் கேட்பார்கள். பெற்றோரில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். சாம்பியாவுக்குள் வண்டி கொண்டுபோக கார்பன் வரி, சாலைக் கட்டணம், காப்பீடு என்று தனித்தனி ஜன்னலில் கட்ட வேண்டியிருக்கும். ஓடிவந்து கையைப் பிடிக்கும் ஏஜெண்டுகளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

அந்த மெக்கானிக்கும் நானும் இன்றுவரை வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம். பம்பு இரண்டு தடவை மறுபடி நின்றது, இரண்டு தடவையும் அவரே சரிசெய்துவிட்டார், என்னிடம் பணம் கேட்கவில்லை. மாமா 2022இல் தவறிவிட்டார். செய்தி அனுப்பிய அன்று சாயங்காலம் ஒரு குரல்பதிவு வந்தது. பேச்சே இல்லை. பம்பு அடிக்கிற சத்தமும், குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும் ஒரு நிமிடத்துக்கு. என் மனைவி அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள்.