மோட்டார் அடிக்கும் மணி

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலுக்கு மின்சார மணி மேளம் வாங்க வசூல் செய்தோம். நானும் கொடுத்தேன். இளவட்டங்கள் சிலர் மட்டும் "கையில் அடிக்கிற மணியே போதும்" என்று தகராறு செய்கிறார்கள். மணி என்றால் சத்தம்தானே? கை அடித்தால் என்ன, மோட்டார் அடித்தால் என்ன? சோழ நாட்டில் ஆராய்ச்சி மணி இருந்தது, சரி. நம் கொங்கு நாட்டுக்கும் மணிக்கும் அப்படி என்ன பெரிய சரித்திரம் இருக்கிறது?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

சங்கப் பாட்டில் கொங்கர் தலை காட்டும் இடங்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே மணி இரண்டு முறை ஒலிக்கிறது. அகநானூற்றின் 79ஆம் பாட்டில் சிலர் தீப்பொறி பறக்கப் பாறையை உடைத்துக் குழி தோண்டுகிறார்கள். அதில் ஊறும் தண்ணீரைத் தேடி 'கொங்கர் படுமணி ஆயம்' போகிறது. கழுத்து மணி ஒலிக்க நடக்கும் கொங்கரின் மாட்டுக் கூட்டம் அது. அந்த மாடுகள் கிளப்பிய செம்மண் தூசி வானத்தில் ஊன்றி நிற்கிறதாம். காங்கேயம், தாராபுரம் பக்கம் கோடையில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு இந்தப் பாட்டுக்கு உரையே வேண்டாம். பாறை, ஆழத்தில் தண்ணீர், சிவந்த புழுதி, மாடு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று 368ஆம் பாட்டு. 'கொங்கர் மணியரை யாத்து மறுகின் ஆடும் உள்ளி விழவு' என்று வருகிறது. இடுப்பில் மணி கட்டிக்கொண்டு தெருவில் ஆடிய விழா. ஒரு பெண்ணின் காதல் ஊர் வாயில் விழுந்து பெரும் பேச்சாகிவிட்டது என்பதற்கு இந்த ஆரவாரத்தைத்தான் உவமையாகச் சொல்கிறார் புலவர். பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். உள்ளி விழா என்றால் மதுரைக்காரருக்கும் புரியும், கேட்பவருக்கும் புரியும் என்ற அளவுக்கு அந்த மணிச் சத்தம் பேர் பெற்றிருந்தது என்று அர்த்தம். காலில் கனத்த சலங்கை கட்டி ஆடும் பெருஞ்சலங்கை ஆட்டம் இன்றைக்கும் நம் பக்கத்துக் கோவில் நோன்பிகளில் நடக்கிறது. உங்கள் ஊர் வீதியில் அது வந்தபோது நீங்களும் வேடிக்கை பார்த்திருப்பீர்கள். அப்புறமும் என்ன சரித்திரம் என்று கேட்கிறீர்களே!

அடுத்து, மணி என்றால் சத்தம்தானே என்கிறீர்கள். இல்லவே இல்லை.

என் அப்பாருக்குக் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்ளவேல மரம், கொழுக்கட்டைப் புல். மாட்டை ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திவிட்டால் கூடவே ஆள் நிற்க வேண்டியதில்லை. அவர் தொலைவில் வேறு வேலையாக இருப்பார், காது மட்டும் காட்டுக்குள் இருக்கும். விட்டு விட்டு மெதுவாகக் கேட்டால் மேய்கிறது. சீராகக் கேட்டால் தண்ணீருக்கு நடக்கிறது. படபடவென்று கேட்டால் எதையோ கண்டு மிரண்டு ஓடுகிறது. சந்தையில் மணி வாங்கும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வீட்டு மாடு எதற்கும் இல்லாத ஓசையாகப் பார்த்துத்தான் எடுப்பார். மயிலைக்கு ஒன்று, செவலைக்கு ஒன்று. வெகுநேரம் ஒரு மணி கேட்கவில்லை என்றால்தான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுவார். மணி நின்றுபோனதும் அவருக்கு ஒரு சேதிதான்.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்ற பழமொழியும் இதையேதான் சொல்கிறது. ஒதுங்க நேரம் கொடுப்பதற்காகக் கட்டிய மணி அது. காட்டு யானைக்கு மணி கட்ட முடியாது. அதனால் வால்பாறை எஸ்டேட் பகுதியில் யானை நடமாட்டம் தெரிந்தால் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது, உயரத்தில் வைத்த சிவப்பு விளக்கு மினுங்குகிறது. அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மணியின் ஞாபகம்தான் வருகிறது.

ஆராய்ச்சி மணியை நீங்களே சொன்னீர்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் முன் நின்று கண்ணகி அதைச் சொல்லும் வரி 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க'. அடுத்த வரியிலேயே 'ஆவின் கடைமணி உகுநீர்' என்று பசுவின் கடைக்கண்ணுக்கும் மணி என்கிறார் இளங்கோ. அடித்தது ஒரு மாடு. கேட்டவன் அரசன். அவன் 'ஏதோ சத்தம்' என்று திரும்பிப் படுத்திருந்தால் அந்தக் கதையே இல்லை.

சரி, மணியை நன்றாக அறிந்தவன் அதை எப்போது அடிக்கக் கூடாது என்பதையும் அறிவான். அகநானூற்றின் 4ஆம் பாட்டில் தலைவன் தேரில் வீடு திரும்புகிறான். பூத்த சோலையில் வண்டுகள் துணையோடு இருக்கின்றன. தேர்மணி கேட்டு அவை கலங்கிவிடுமே என்று அஞ்சி மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வழியோர வண்டுக்குக் கூடத் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தவர்கள் பேசிய மொழியில்தான் நாமும் பேசுகிறோம். உங்கள் கோவிலைச் சுற்றி எத்தனை வீடு, அதில் எத்தனை கைக்குழந்தை, எத்தனை நோயாளி என்று வசூலுக்குப் போனபோது பார்த்திருப்பீர்கள். அந்த மோட்டாரின் நாவை யார் கட்டப் போகிறார்கள்?

கேட்கத் தெரிந்த காது போய்விட்டால் மணி என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மிஷனரி அங்கே மாவோரி மக்களிடம் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அது பாத்திரம் இல்லை, உடைந்த மணி. மேலே தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மவர் கடலோடிய பெருமைக்காக இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கிழங்குதான் நினைவில் நிற்கிறது. அந்த மக்கள் மேல் குறை இல்லை. எந்த மணிக்கு என்ன பொருள் என்று சொல்ல அங்கே கப்பல்காரர் ஒருவரும் இல்லை. உங்கள் ஊரில் சொல்ல ஆள் இருக்கும்போதே அதைப் பாத்திரமாக்கிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நேரத்துக்கே நாம் மணி என்று பெயர் வைத்திருக்கிறோம். நாழிகை போய் மணி வந்தது. ஆங்கிலத்தில் கிளாக் என்ற சொல்லும் மணியைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். கோயம்புத்தூரில் மில் சங்கு ஊதியபோது ஷிப்டுக்குப் போகாதவர்களும் அதைக் கேட்டு உலை வைத்தார்கள். பள்ளிக்கூட வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு, இரவில் சோன்பப்டிக்காரர் ஆட்டும் கைமணி, புரட்டாசிச் சனிக்கிழமை தாசரின் சேகண்டி என்று எதை எடுத்தாலும் கேட்டவுடன் யார், எதற்கு என்று தெரியும்.

கோவில் மணிக்கு வருவோம். பூசை தொடங்கும்போது மணியடித்துச் சொல்லும் சுலோகத்தின் கருத்து, தேவர்கள் வரட்டும், அரக்கர்கள் போகட்டும் என்பது. வரச் சொல்வதும் போகச் சொல்வதும் ஒரே ஓசை. தீபாராதனையில் பூசாரியின் ஒரு கையில் தட்டு, மறு கையில் மணி. சுடர் மேலே போகும்போது மணி விரைகிறது, இறங்கும்போது தணிகிறது, கண்ணில் ஒற்றிக்கொள்ள நாம் கை நீட்டும்போது நின்றுவிடுகிறது. மோட்டாருக்குச் சுடர் தெரியாது. பொத்தானைத் தட்டினால் ஒரே தாளம், நிறுத்தினால் பாதியில் அறுந்த சத்தம்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். சின்னக் கோவில், ஒற்றைப் பூசாரி, சாயங்காலம் மணியடிக்க ஓடி வந்த பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஆள் இருக்கிறார்களே! கையால் அடிக்கிறோம் என்று தகராறு செய்யும் இளவட்டங்கள் வேறு யார்? கோவிலுக்குள் வர நாம் கெஞ்சிக் கூப்பிடும் வயதுப் பிள்ளைகள் தாமாக வந்து கயிற்றைக் கேட்கிறார்கள். அவர்களை எதிரியாக்கி ஒரு மோட்டாரை உள்ளே விட ஊரே காசு போடுகிறது.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பழைய மணி இப்போது எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மண்டபத்து மூலையில் கிடந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கி, கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு ஓய்ந்தால் மணி நன்றாக இருக்கிறது, நாக்கையும் கொக்கியையும் மாற்றினால் போதும். சட்டென்று மொட்டையாக நின்றால் எங்கோ விரிசல். மணி வெண்கலத்தில் ஏறத்தாழ நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பார்கள். அந்த வெள்ளீயம்தான் நீளமான ஓசையைத் தருகிறது, அதுவேதான் கீழே விழுந்தால் விரிசல் விடும்படியும் ஆக்குகிறது. விரிசல் விட்டதை உருக்கித் திரும்ப வார்க்கலாம். வெகுதூரம் போக வேண்டாம், நாமக்கல்லில் மணி வார்க்கிறார்கள். அயோத்தி ராமர் கோவிலுக்கே அங்கிருந்து மணிகள் போயின. வசூல் பணம் கையில் இருக்கிறது. போகும்போது அந்த இளவட்டங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள், வார்த்து முடித்ததும் முதலில் அவர்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.